தங்கவயல்: மைன்ஸ்காரர்களின் கதை

எங்கள் வீட்டில் யாரும் தங்கவயல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கோலார் என்றும் சொல்ல மாட்டார்கள். 'மைன்ஸ்' என்பார்கள். "உங்க தாத்தா மைன்ஸ்ல இருந்தாரு", "இந்தப் பித்தளக் குடம் மைன்ஸ்ல வாங்கினது", "மைன்ஸ்காரி வந்துட்டா பாரு". கடைசியாகச் சொன்னது என் அத்தையைப் பற்றி. குடியாத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சேரிக்கு வருஷம் ஒரு தடவை, ஆடி மாசத்தில் கூழ் ஊற்றும்போது வருவார். காலில் செருப்பு, கையில் குடை. ஊர்த் தெரு வழியாகத்தான் வருவார். சுற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியாக வரச்சொல்லி என் பாட்டி ஒவ்வொரு வருஷமும் கடிதம் எழுதச் சொல்வாள். அத்தை கேட்டதே இல்லை.

அந்தச் செருப்பும் குடையும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பதற்காகத்தான் போன தை மாசம் மைன்ஸுக்குப் போனேன். ஆராய்ச்சி என்று பெரிய பேர் வைக்க வேண்டாம். நான்கு நாள் தங்கினேன். அத்தைக்கு எழுபத்தஞ்சு வயது. மாமாவுக்கு அதற்கு மேலே. அவர் முப்பது வருஷத்துக்கு மேல் பூமிக்கு உள்ளே வேலை செய்தவர். காது மந்தம். நாம் கத்திப் பேச வேண்டும். அவரும் கத்தித்தான் பேசுவார்.

சென்னைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஜோலார்பேட்டை, குப்பம் தாண்டி பங்காருபேட்டையில் இறங்கி வண்டி மாற வேண்டும். அங்கிருந்து ஒரு கிளைப்பாதை பிரிகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன்கள். மாரிக்குப்பத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. தங்கத்துக்காகவே போட்ட பாதை. தங்கம் முடிந்த பிறகு மனுசரை ஏற்றிக்கொண்டு போகிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இறங்கினதும் கண்ணில் படுவது மலைகள். மலை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் மணல். சனங்கள் 'சயனைட் மேடு' என்கிறார்கள். பாறையை உடைத்து, மாவாக அரைத்து, சயனைடு தண்ணீரில் ஊறவைத்தால் தங்கம் மட்டும் கரைந்து தண்ணீரோடு வந்துவிடும். மிச்ச மாவைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகக் கொட்டினது, 3 கோடி டன்னுக்கு மேலே இருக்கிறது. மழை பெய்து பெய்து அதன் பக்கங்கள் எல்லாம் வரிவரியாக அறுத்துக்கொண்டு நிற்கின்றன. நான் போன அன்றைக்கு மேட்டின் மேல் பெங்களூர்ப் பையன்கள் நாலு பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி போட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2018-இலும் 2022-இலும் வந்த 'கே.ஜி.எஃப்' சினிமாவைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் இது. அந்தப் படத்தில் சுரங்கத்து ஆட்கள் அடிமைகளாகக் கிடக்கிறார்கள், ஒரு வீரன் வந்து மீட்கிறான். நிஜத்தில் இங்கே எந்த வீரனும் வரவில்லை. இந்தச் சனங்களே வேலையை நிறுத்தினார்கள், இந்தச் சனங்களே சுடப்பட்டார்கள். 2024-இல் வந்த ரஞ்சித்தின் 'தங்கலான்' அந்தக் கணக்கைக் கொஞ்சம் நேர் செய்ய முயன்றது. மாமா இரண்டையும் பார்க்கவில்லை. "இன்னாத்துக்குப் பாக்கணும், நான் உள்ளயே பாத்துட்டேன்" என்றார்.

காற்றுக் காலத்தில் மேட்டிலிருந்து மணல் பறந்து வரும். அத்தை சோற்றுப் பானையை மூடி வைத்துப் பழகினவர். எங்கள் ஊருக்கு வந்தாலும் மூடித்தான் வைப்பார். அவருக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

இந்த இடத்துக் கதையை வெள்ளைக்காரன் எழுதினபடி எழுதினால் இப்படி இருக்கும். 1802-இல் ஜான் வாரன் என்ற லெப்டினென்ட் மைசூர் எல்லையை அளக்க வந்தான். திப்பு வீழ்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. உரிகம் பக்கத்துச் சனங்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்கு வெகுமதி உண்டு என்று அறிவித்தான். சனங்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவன் முன்னால் கழுவிக் காட்டினார்கள். அவன் எழுதிவைத்ததைப் பல வருஷம் கழித்து மைக்கேல் லாவெல் என்கிற அயர்லாந்துக்காரன் படித்தான். மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து தேடினான். 1875-இல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினான். பணம் போதாமல் கைமாற்றிவிட்டான். 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1883 வாக்கில் சாம்பியன் ரீஃப் என்ற பெரிய தங்கப் படுகை அகப்பட்டது. அதற்குப் பிறகு ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, கிஃபோர்டு ஷாப்ட், எட்கர் ஷாப்ட்.

ஊர்ப் பெயர் எல்லாம் துரைமார் பெயர். குழிக்குப் பெயர் கூட துரைமார் பெயர்தான். அந்தக் குழிக்குள் இறங்கினவர்களில் ஒருவர் பெயரில் ஒரு சந்து கூட இல்லையே என்று மாமாவிடம் கேட்டேன். "நம்ம பேரு ரெஜிஸ்டர்ல நெம்பரா இருந்திச்சி" என்றார்.

வாரன் எழுதினதிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. மாரிக்குப்பத்துக்குப் பக்கத்தில் அவன் குழிகளைப் பார்த்திருக்கிறான். அந்தக் காலத்திலேயே ஆட்கள் உள்ளே இறங்கி, கல்லைக் கூடையில் போட்டுக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பியிருக்கிறார்கள். மேலே பெண்கள் அந்தக் கல்லை இடித்து மாவாக்கிக் கழுவித் தங்கம் எடுத்திருக்கிறார்கள். துரை வருவதற்கு முன்னாலேயே சுரங்கம் இருந்தது, தொழில் இருந்தது, தொழில் தெரிந்த பெண்கள் இருந்தார்கள். 'கண்டுபிடித்தான்' என்று பாடப்புத்தகத்தில் வருகிற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு இப்போது அந்த உலக்கைச் சத்தம் தான் ஞாபகம் வருகிறது.

சரி, நம் சனங்கள் எப்படி வந்தார்கள்? வடஆற்காடு, சித்தூர், சேலம், தென்னாற்காடு. இந்த ஜில்லாக்களிலிருந்துதான் ஆதிக் கூட்டம். 1876 முதல் 78 வரை தாது வருஷத்துப் பஞ்சம். அதில் முதலில் செத்தவர்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. நிலம் இல்லாதவர்கள், பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள், பறையர்கள். பஞ்சம் முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் மைன்ஸ் திறக்கிறது. கங்காணி, மேஸ்திரி, காண்டிராக்ட்காரன் என்று ஆள் பிடிக்க வந்தார்கள்.

இதை எழுதுகிறபோது இடதுசாரி நண்பர்கள் வழக்கமாக 'ஏகாதிபத்தியம் கூலிகளை இழுத்துச் சென்றது' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இழுத்துக்கொண்டுதான் போனது. ஆனால் நம் பாட்டன்கள் ஓடியும்தான் போனார்கள். கிராமத்தில் கையில் காசு என்ற ஒன்றைப் பார்க்காதவனுக்கு மாசம் பிறந்தால் ரொக்கம். அய்யரோ முதலியாரோ ரெட்டியோ வாசலில் வந்து "டேய்" என்று கூப்பிட முடியாத இடம். எங்கள் பூட்டன் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியதாகத்தான் வீட்டில் கதை. பண்ணையார் மாட்டை அவிழ்த்துவிட்டுப் போனார் என்று அத்தை சேர்த்துச் சொல்வார். அது நிஜமோ, பிறகு சேர்த்ததோ. நிஜமாக இருக்கட்டும்.

போன இடம் சொர்க்கமில்லை. லைன் வீடுகள், மூங்கில் தட்டி வைத்து அடைத்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். குடும்பம் முழுக்க ஒரே அறையில். மறுபக்கம் மேட்டின் மேல் துரைமார் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். 'குட்டி இங்கிலாந்து' என்று இன்றைக்கும் பெருமையாக எழுதுகிறார்கள். யாருடைய இங்கிலாந்து? நடுவே ஆங்கிலோ இந்தியர்கள், காவலுக்குப் பஞ்சாபிகள். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவனை நிறுத்திச் சோதனை. தங்கம் கலந்த கல் கையில் இருந்தாலே குற்றம் என்று மைசூர் சமஸ்தானத்தில் தனியாகச் சுரங்கச் சட்டமே போட்டிருந்தார்கள்.

1902-இல் காவிரியில் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து அதைக் கொண்டுவந்தது மைன்ஸுக்குத்தான். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-இல். இந்தியாவில் மின்சார வரலாறு எழுதுகிறவர்கள் இதை மறக்காமல் எழுதுவார்கள். ஆனால் அந்தக் கரண்டு வந்தது வெளிச்சத்துக்காக அல்ல. மிஷினுக்காக.

உள்ளே எப்படி இருக்கும் என்று மாமாவிடம் ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்டேன்.

"கூண்டுல ஏத்துவாங்க. மணி அடிச்சி உட்டா, வவுறு மேல நிக்கும், காலு கீழ போவும். காது அடச்சிக்கும். எறங்கினப்புறம் நடக்கணும், மறுபடி இன்னொரு கூண்டு. கீழ போவப் போவ பாறையே சுடும்மா. கைய வச்சா எடுத்துருவ. கோமணம் தான். அதுவும் நனஞ்சிரும்."

"பயமா இருக்காதா மாமா?"

"மொத வாரம் இருக்கும். அப்பறம் ஏர் பிளாஸ்டுக்குத்தான் பயம்."

ஏர் பிளாஸ்ட் என்பது குண்டு வைப்பதல்ல. மேலே இருக்கிற பூமி முழுவதும் அழுத்துகிறது. நாம் நடுவில் தோண்டி வெற்றிடம் பண்ணிவிட்டோம். தாங்காமல் ஒரு நேரம் பாறை தானே வெடித்துச் சிதறும். எந்த நேரம் என்று சொல்ல முடியாது. கீழே வெடித்தால் மேலே லைன் வீட்டில் பாத்திரம் உருளும், சுவர் விரியும். பெண்கள் ஷாப்ட்டுக்கு ஓடுவார்கள். அத்தை அந்த ஓட்டத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டேன் என்றார். "அது எதுக்கு இப்ப. நீ சாப்புடு" என்று எழுந்து போய்விட்டார்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறக்குறைய 3,200 மீட்டர் ஆழம் போனது. ஒரு காலத்தில் உலகத்திலேயே ஆழமான குழிகளில் ஒன்று. அடியில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியசைத் தாண்டும். குளிர்ந்த காற்றைக் குழாய் வழியே அனுப்பித்தான் மனுசரை வேலை வாங்க முடிந்தது. இந்த ஆழம் விஞ்ஞானிகளுக்கும் பயன்பட்டது. ஆகாயத்திலிருந்து வந்து பூமியைத் துளைத்துப் போகிற நியூட்ரினோ என்ற துகளை 1965-இல் இங்கே 2 கிலோமீட்டருக்குக் கீழே கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். உலகத்தில் முதல் பதிவுகளில் ஒன்று. நல்ல விஷயம்தான். கருவியைக் காப்பாற்ற அத்தனை ஆழத்துப் பாறை வேண்டியிருந்தது. அந்தப் பாறையைக் குடைந்து இடம் பண்ணிக் கொடுத்தவன் நுரையீரலில் என்ன பதிவானது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு.

பாறைத்தூளை மூச்சில் இழுத்தால் வருகிற நோய் சிலிகோசிஸ். தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்து அதைக் கல்லாக்கிவிடும். மருந்து கிடையாது. 1940-களில் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்ததில் 43.7 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்தது. நூற்றுக்கு நாற்பத்துமூன்று! இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றி யார் கட்டுரை எழுதினாலும் இந்த எண்ணில்தான் தொடங்குகிறார்கள். என் தாத்தா 1961-இல் இருமி இருமிச் செத்தார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். என்ன நோய் என்று காகிதம் இல்லை. பாட்டி 'மைன்ஸ் இருமல்' என்று சொல்வாள்.

தாத்தா விட்டுப்போன சொத்து ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு வேட்டி, ஒரு பித்தளை வில்லை (நம்பர் போட்டது), அட்டை போன நான்கைந்து சிறுபுத்தகங்கள். சின்ன வயதில் அதில் ஒன்றைக் கிழித்துக் கப்பல் விட்டிருக்கிறேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறகு எம்.ஏ. தமிழ் படித்தேன். இலக்கிய வரலாறு என்று இரண்டு வருஷம் படிப்பித்தார்கள். உ.வே.சா. வந்தார், பாரதி வந்தார், பத்திரிகை வளர்ச்சி என்று ஒரு முழு அலகு வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் என்ற பெயர் ஒரு தடவை கூட வரவில்லை. நான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. எல்லாக் கல்லூரியும் அப்படித்தான் இருந்தது. படிப்பை முடித்துவிட்டு இயக்கத்துக்கு வந்த பிறகுதான், ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் வெளிவந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதியைத் தோழர் ஒருவர் கையில் கொடுத்தார். புரட்டிக்கொண்டே வருகிறேன், 'மாரிக்குப்பம்' என்று வருகிறது. 'கோலார் கோல்ட்பீல்ட்' என்று வருகிறது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மிச்சமிருந்த ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'சித்தார்த்தா புத்தகசாலை, சாம்பியன் ரீப்ஸ்' என்று அச்சாகியிருந்தது.

விஷயம் இதுதான். 1907 ஜூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. அடுத்த வருஷம் 'தமிழன்' ஆயிற்று. வாரா வாரம் வந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கினவர்களில் பெரிய கூட்டம் இந்த லைன் வீட்டுக்காரர்கள். மாரிக்குப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கத்துக் கிளை ஆரம்பித்தார்கள். எம்.ஒய். முருகேசர், ஈ. குருசாமி போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். பண்டிதர் 1914 மே 5-இல் இறந்தார். பத்திரிகை தட்டுத்தடுமாறி நின்றது. 1926-இல் அதைத் திரும்ப உயிர்ப்பித்தது எந்த ஊர்? தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சுப்போட்டுக் காப்பாற்றியது சித்தார்த்தா புத்தகசாலை. சுயமரியாதை இயக்கம் வந்தபோது அதற்கு இங்கே தரை தயாராக இருந்ததற்கு இதுதான் காரணம். பெரியார் வந்து எழுப்பித்தான் நாம் விழித்தோம் என்று சிலர் இன்னும் மேடையில் பேசுகிறார்கள். மாரிக்குப்பத்துக்காரர்கள் அதற்கு முன்னாலேயே விழித்து, சங்கம் வைத்து, பத்திரிகை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

படிக்கத் தெரியாதவர்கள் அதிகம். அத்தை சொல்கிறார்: "எங்க தாத்தா காலத்துல ஒருத்தர் படிப்பாராம், லைனே குந்திக் கேக்குமாம். ராத்திரி ஷிப்டுக்குப் போறவங்களுக்கு மறுநாள் தனியாப் படிக்கணுமாம்." மூன்று ஷிப்ட் வேலை என்றால் வாசிப்பும் மூன்று ஷிப்ட். இந்த ஏற்பாட்டை எந்த இலக்கிய வரலாற்றில் எழுதுவது?

1930-க்கு வருகிறேன். அந்த வருஷம் தொழிலாளர் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. அப்போது யாரிடம் ரேகை வாங்குவார்கள்? குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களிடம். நம்மை என்ன கேடிகள் என்று நினைத்தானா என்று ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். சங்கம் என்று சட்டப்படி எதுவும் கிடையாது. கூலி உயர்வுக்காகக் கூட இல்லை பாருங்கள், ரேகைக்காக. எங்கள் பூட்டன் அதில் இருந்தாராம். வீட்டில் அவரைப் பற்றி மிச்சமிருக்கிற வாக்கியமே "வெரல மடக்கிக்கினாரு" என்பதுதான். எழுதப்படிக்கத் தெரியாத மனுசர். கம்பெனிச் சம்பளச் சீட்டில் அதற்கு முன்னால் விரல் வைத்திருப்பார்தானே என்று நான் அத்தையிடம் வாதம் பண்ணினேன். "சம்பளத்துக்கு வைக்கிற வெரலு வேற, திருடன்னு வைக்கிற வெரலு வேற" என்றார். எம்.ஏ. படித்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

அதே 1930. டிசம்பர் மாசம். ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளை போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறினவர்கள் குடிசை எரிந்தது. 1931 சென்சஸ் அறிக்கையில் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார், அம்பேத்கரும் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரே மொழி பேசுகிற ஒரே சனம். ஒரு மூலையில் அது பூமிக்குள் போய் உலகத்துக்குத் தங்கம் எடுத்துக் கொடுக்கிறது. இன்னொரு மூலையில் அதன் காதில் ஒரு குன்றிமணி தங்கம் இருந்தால் வீட்டைக் கொளுத்துகிறார்கள். எங்கள் வடஆற்காட்டில் எட்டு கட்டளை என்று எழுதி ஒட்டவில்லை. எழுதாமலேயே இருந்தது. அத்தை குடையோடு ஊர்த்தெருவில் நடந்தது 1970-களிலும் ஒரு சம்பவமாகத்தான் இருந்தது.

சண்டை அதோடு முடியவில்லை. 1940-களில் கம்யூனிஸ்ட் கட்சி வந்தது. கே.எஸ். வாசன் போன்றவர்கள் சங்கம் கட்டினார்கள். 1946-இல் நீண்ட வேலைநிறுத்தம். அந்த வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி சாம்பியன் ரீஃப்ஸில் போலீஸ் சுட்டது. 6 பேர் செத்தார்கள். பிறகு நீலக்கொடி. ரிபப்ளிகன் கட்சியின் சி.எம். ஆறுமுகம் இங்கேயிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். லைனுக்கு லைன் அம்பேத்கர் படம். கன்னட நாட்டுக்குள் ஒரு தமிழ்ச் சேரி, அதுவும் தலைநிமிர்ந்த சேரி என்று நாம் எல்லாரும் பெருமையாக எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுத வந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அத்தையோடு கடைக்குப் போகிற வழியில் லைன் ஓரமாக வரிசையாக இடிந்த கக்கூஸ்களைப் பார்த்தேன். பழைய எடுப்புக் கக்கூஸ். "இத யாரு அத்த எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"தெலுங்குக்காரங்க. தோட்டி லைன் அந்தாண்ட இருந்திச்சி."

"அவங்க வீட்டுக்குப் போவீங்களா?"

அத்தை கொஞ்ச நேரம் நடந்தார். "அதெல்லாம் பழக்கமில்ல" என்றார்.

சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெஜவாடா வில்சன் இந்த மண்ணில் 1966-இல் பிறந்தவர். தெலுங்கு பேசுகிற தலித் குடும்பம். அவர் குடும்பத்தில் கையால் மலம் அள்ளும் வேலைதான். தங்கவயலின் உலர்கக்கூஸ்களை ஒழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதியும், போட்டோ எடுத்துக் காட்டியும் அவர் போராட ஆரம்பித்தது 1980-களில். 2016-இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். 2011 மார்ச்சில் கூட இங்கே கழிவுக்குழியில் இறங்கி மூன்று பேர் செத்தார்கள். மலக்குழியும் ஒரு ஷாப்ட்தான். கூண்டு கிடையாது, மணி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பண்டிதரைப் படித்த லைன், பௌத்தம் பேசிய லைன், ரேகை வைக்க மாட்டேன் என்று வேலையை நிறுத்திய லைன். அந்த லைனின் பின்பக்கமாக ஒரு பெண் தினமும் காலையில் பக்கெட்டோடு வந்து போயிருக்கிறாள். ஊர்த்தெருவில் குடை பிடித்து நடந்த என் அத்தைக்கு அவள் வீட்டுக்குப் போகிற பழக்கமில்லை. அத்தையைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நானே இத்தனை வருஷம் தங்கவயலைப் பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன், ஒரு தடவை கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பறையர் வரலாற்றைத் தலித் வரலாறு என்று பெயர் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அருந்ததியர் தோழர்கள் நம்மைப் பார்த்து இதைத்தான் கேட்கிறார்கள். நாம் ஒற்றுமையைக் குலைக்கிறார்கள் என்கிறோம்.

மிச்சக் கதை சீக்கிரம் சொல்லிவிடலாம். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசிடம் போயிற்று. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆயிற்று. ஆரம்பத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசியில் மூன்று நான்கு கிராமுக்கு இறங்கிவிட்டது. எடுக்கிற செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது என்றார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடினார்கள். 120 வருஷத்தில் எடுத்தது சுமார் 800 டன். மூடினபோது வேலையில் இருந்தவர்கள் 3,000 பேருக்கு மேல். பம்பு நின்றது. குழியில் தண்ணீர் ஏறியது. காலையும் மாலையும் ஊதிக்கொண்டிருந்த சங்கு நின்றது. "சங்கு நின்னப்புறம் கொஞ்ச நாளு எப்ப சோறு வடிக்கிறதுன்னே தெரியல" என்றார் அத்தை.

அந்த 800 டன்னில் மாமா வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்று விளையாட்டாகக் கேட்டேன். அத்தை காதைக் காட்டினார். கம்மல் இல்லை, ஈர்க்குச்சி. பேரன் பாலிடெக்னிக்குக்கு ஃபீஸ் கட்ட ராபர்ட்சன்பேட்டை சேட்டு கடையில் இருக்கிறதாம். முப்பது வருஷம் உள்ளே இருந்தும் தங்கத்தைத் தங்கமாக மாமா அந்த அடகுக் கடையில்தான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறார். கல்லில் இருக்கும்போது அது தெரியாதாம். கல்லு கல்லாகத்தான் இருக்குமாம்.

இப்போது மாரிக்குப்பத்து ரயில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போகிறது. விடிவதற்கு முன்னால் கிளம்பி, இருட்டின பிறகு திரும்புகிறது. ஆயிரக்கணக்கானவர்கள். கட்டட வேலை, காவல் வேலை, கடை, ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவு, சில பேர் கம்ப்யூட்டர் வேலையும். பாட்டன்கள் பகல் வெளிச்சத்தைப் பார்க்காமல் குழிக்குள் இருந்தார்கள். பேரன்கள் பகல் வெளிச்சத்தில் சொந்த ஊரைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அத்தையின் பேரனும் அதில்தான் போகிறான். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

கடைசி நாள் அவனோடு சேர்ந்து அதே வண்டியில் கிளம்பினேன். ஸ்டேஷனில் இருட்டு. சீட்டு பிடிக்க ஓடுகிறார்கள். தரையில் பேப்பர் விரித்துச் சிலர் தூங்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. தெலுங்கு கலந்த தமிழ் பேசினார். எந்த லைன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அம்மா மைன்ஸில் வேலை பார்த்தாராம். "மைன்ஸ்ல இன்னா வேல?" என்று பேரன் சாதாரணமாகக் கேட்டுவிட்டான். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எல்லாருக்கும் செஞ்ச வேலதான்" என்றார்.

உரிகம் வந்தது, கோரமண்டல் வந்தது. பங்காருபேட்டையில் நான் இறங்கி வண்டி மாற வேண்டும். இறங்கும்போது அவர் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த தடவை வந்தால் அம்மாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டதற்கு, அம்மாவுக்குக் கண் தெரியாது, ஆனால் பேசுவார், வாங்க என்றார்.